கரும்பலகையில் நெசவாளர்க்கும் ஓரிடம்

திருத்தணி வட்டாரத்தில் நான் தணிக்கைக்குச் சென்ற சங்கம் ஒன்றின் அலமாரியில், ஒரே முறை தறியேறிய ஜக்கார்டு அட்டைக்கட்டு ஒன்று கிடந்தது. கணினியில் வரைந்த முந்தானை. திரையில் கண்ணைப் பறித்ததாம். நான்கு விரல் நெய்ததுமே மூத்த நெசவாளர் தறியை நிறுத்திவிட்டார். ஊடை இழை பாவோடு பிணையாமல் நெடுந்தூரம் மிதந்தது. உடுத்துவோர் வளையலில் மாட்டி அறுந்துவிடும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். அத்தனையும் குத்தி முடிந்த பின்னரே அவரிடம் வந்திருக்கிறது. அட்டைச் செலவு சங்கத்துக்கு நஷ்டம். தறி நின்ற நாட்களின் கூலி அவருக்கு நஷ்டம்.

வரைபவர், கட்டத்தாள் எழுதுபவர், அட்டை குத்துபவர், கடைசியில் நெசவாளர் என்று ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போகும் வழக்கத்தின் பலன் இது. வேறொரு துறையில் இவ்வழக்கத்தை மாற்றியவர்களுள் ஒருவர் நம் பக்கத்தவர். திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்துக் காட்டூரில் 1937-இல் பிறந்து, கிண்டி பொறியியற் கல்லூரியில் பயின்றவர் ராஜ் ரெட்டி. அவரும் தோழர்களும் 1970-களில் அமெரிக்காவின் கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தில், பேச்சை உணரும் ‘ஹியர்சே-2’ என்னும் நிரலை அமைத்தனர். ஒலியை ஆராயும் பகுதியும், சொல்லை ஊகிக்கும் பகுதியும், வாக்கியத்தைச் சோதிக்கும் பகுதியும் தத்தம் ஊகங்களைப் பொதுக் ‘கரும்பலகை’யில் எழுதும்; ஒன்று எழுதியதை மற்றொன்று திருத்தும். (நம் நிர்வாகக் குழுக்கள் சில இவ்வளவு ஒழுங்காகக் கூடுவதில்லை.)

பல மென்பொருள் முகவர்கள் கூடி உழைக்கும் இன்றைய அமைப்புகளுக்கு அக்கரும்பலகை ஒரு முன்னோடி. முகவர் என்றதும் தரகரை நினைக்க வேண்டாம். ஒப்படைத்த பணியைத் தானே நடத்தும் நிரல் அது. ஒன்று புட்டா வரையலாம். ஒன்று கொக்கிகளின் எண்ணிக்கைக்குள் அடங்குமா, இழை எங்கே மிதக்கிறது என்று எண்ணலாம். ஒன்று நூற்செலவைக் கணக்கிடலாம். மேற்சொன்ன முந்தானையை இரண்டாவது முகவர் அன்றே தடுத்திருக்கும்.

ஆயினும் ஒரே மாதிரி பயின்ற முகவர்கள் ஒரே பிழையை ஒருமுகமாக ஆமோதிக்கவும் கூடும். எவ்வளவு மிதவை பொறுக்கும் என்பது நூலையும் துணியின் உபயோகத்தையும் பொறுத்தது. அது தறியில் அமர்ந்த கைக்குத் தெரியும். ஆகவே, அட்டை குத்துமுன் நெசவாளர் ஒருவர் ‘நெய்யலாம்’ அல்லது ‘நெய்யலாகாது’ என்று எழுதிக் கையொப்பமிடும் பத்தி ஒன்றை வடிவப் பதிவேட்டில் சேர்க்குமாறு அச்சங்கத்துக்கு எழுதினேன். பார்வையிடும் நேரத்துக்குக் கூலி உண்டா என்று அந்த மூத்தவர் கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதுவும் ஏறியிருக்கிறது.