பாவு முடியட்டும் என்றேன், பித்தப்பை கேட்கவில்லை!

சகோதரிகளே, வயிற்று வலி வந்தால் நாம் முதலில் என்ன செய்வோம்? சுக்கு தட்டிப் போட்டுக் கஷாயம் வைப்போம். பெருங்காயம் கரைத்த மோர் குடிப்போம். "வாயுதான், காலையில சரியாயிடும்" என்று சுருண்டு படுத்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் செய்தேன். அதனால் பட்டதை உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தாமல். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் சாலையில் பெரிய ஏரிக்கரை தெரியுமே, அந்த ஊர்தான். வீட்டில் பட்டுத் தறி. கோர்வைச் சேலை நெய்ய ஒருவர் போதாது. கரைக்கு நாடா போட இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். சமையல் முடித்த கையோடு தறியில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

மூன்று வருடத்துக்கு முன், தை மாதத்தில் ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டு வந்த இரவு வலி ஆரம்பித்தது. வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறியது. வாந்தி, குளிர் காய்ச்சல் வேறு. விடிந்தும் விடவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "பித்தப்பையில கல்லு. ஒரு கல்லு வாயில போய் அடைச்சு, பை வீங்கியிருக்கு. ரெண்டு நாளுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடலாம்மா" என்றார்.

எனக்குப் பகீரென்றது. தறியில் பாவு பாதியில் நிற்கிறது. இன்னும் இரண்டு சேலை பாக்கி. முகூர்த்தத்துக்குக் கொடுத்தாக வேண்டும். "இப்ப ஊசி போட்டு அனுப்புங்க டாக்டர், பாவு முடியட்டும், வந்துடறோம்" என்று கெஞ்சினேன். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நாங்கள் கேட்கவில்லை. ஐந்து நாள் ஊசியில் வலி நின்றது. "ஆறு வாரம் கழிச்சுக் கட்டாயம் வாங்க" என்று அனுப்பினார்.

ஆறு வாரம் எங்கே? நாலாவது வாரமே திரும்ப வலி. இந்தத் தடவை கண்ணெல்லாம் மஞ்சள். கல் நழுவிப் பித்தக் குழாயில் இறங்கிவிட்டதாம். சென்னைக்கு ஓடினோம். வாய் வழியாகக் குழாய் விட்டு அந்தக் கல்லை எடுத்தார்கள். அதன் பிறகு பித்தப்பையைச் சிறு துளை வழியாக எடுக்க ஆரம்பித்தார்கள். உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்ததால் பெரிதாகத் திறந்தே எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு வாரம் போவதைத் தள்ளிவைக்கப் பார்த்தவள், இரண்டு மாதம் தறிப்பக்கமே போகவில்லை.

ஏன் இப்படி என்று டாக்டரம்மாவிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஈரலில் சுரக்கும் பித்தத்தைச் சேர்த்து வைக்கும் சின்னப் பைதான் பித்தப்பை. கல் வாயை அடைத்தால் பித்தம் தேங்கி, பை வீங்கிச் சிவக்கிறது. முதல் சில நாளில் அந்த வீக்கம் நீர் கோத்ததுபோல் இருக்குமாம். பிரித்தெடுக்க வழி கிடைக்கும். நாளாக ஆக, சுற்றியுள்ளதெல்லாம் ஒட்டி இறுகிவிடும்.

முன்பெல்லாம் டாக்டர்களே பலர், "வீக்கம் ஆறட்டும், ஆறு வாரம் கழித்து எடுக்கலாம்" என்றுதான் சொல்வார்களாம். பித்தப்பையை முதன்முதலில் எடுத்தது 1882-இல், பெர்லினில், லாங்கன்பூக் என்ற டாக்டர். துளை வழி ஆபரேஷனை நம் நாட்டுக்கு 1990-இல் கொண்டு வந்தவர் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியின் டாக்டர் உத்வாடியா. அது புதிதாக இருந்த காலத்தில், வீங்கிய பையைத் தொடப் பலரும் பயந்தார்கள். பழகப் பழக அந்தப் பயம் விலகியது.

2013-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆராய்ச்சியில் 618 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்குத்தான் தொல்லை வந்தது. முதலில் மருந்து கொடுத்து, ஒரு வாரத்துக்குப் பிறகு செய்தவர்களில் சுமார் 34 பேருக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்த நாளும் இவர்களுக்குத்தான் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

போன வருடம் என் ஓரகத்திக்கும் இதே வலி. ஊசி போட்டதும் வலி நின்றுவிட்டது. "அக்கா, அதான் நின்னுடுச்சே, ஆடி கழிச்சுப் பாத்துக்கலாமா?" என்றாள். "வலிதான் நின்னுது, கல்லு உள்ளதானடி இருக்கு!" என்று அதட்டி, அன்றே கூட்டிப் போனேன். மறுநாள் ஆபரேஷன். மூன்றாம் நாள் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டாள்.

இதற்காக, ஸ்கேனில் கல் தெரிந்தவர்கள் எல்லோரும் ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. வலியே தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாமாம். இருதய நோய், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்களுக்கு முதலில் உடம்பைத் தேற்ற வேண்டியிருக்கும். சிலருக்குப் பையில் குழாய் வைத்துப் பித்தத்தை வடிப்பதும் உண்டு. கர்ப்பிணிகள் விஷயமும் தனி. இதையெல்லாம் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வலது மேல் வயிற்று வலி சில மணி நேரமாக விடாமல் இருந்து, காய்ச்சலோ வாந்தியோ மஞ்சளோ சேர்ந்தால், கஷாயத்தை நம்பி உட்காராதீர்கள். எந்த நாளில் எந்த நேரத்தில் வலி ஆரம்பித்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். "இப்பவே எடுக்க முடியுமா? முடியாதுன்னா ஏன்?" என்று கேளுங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போய், இந்தச் சிகிச்சைக்கு உதவி உண்டா என்றும் விசாரியுங்கள்.

பித்தப்பை இல்லாமல் சாப்பாடு செரிக்குமா என்று பயப்பட வேண்டாம். பித்தம் ஈரலிலிருந்து நேராகக் குடலுக்குப் போய்விடும். ஆரம்பத்தில் எண்ணெய்ப் பண்டம் சேர்த்தால் சிலருக்கு வயிறு இளகும், அவ்வளவுதான். நான் இப்போது எல்லாம் சாப்பிடுகிறேன்.

பாவு பாதியில் நின்றால் பிறகு நெய்துகொள்ளலாம். கரைக்கு நாடா போட ஆள் வேண்டுமே, சகோதரிகளே!