பொருத்தமான வடம், தெளிவான படம்

காணொளி விளையாட்டுக் கருவியைத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடுவது பல வீடுகளில் வழக்கம். அதே கருவியைப் படவீழ்த்தியுடன் இணைத்தால், சுவரளவு பெரிய படத்தைக் காணலாம். பள்ளி விடுமுறைக் காலத்தில் சமூக மன்றத்திலோ பள்ளி மண்டபத்திலோ நண்பர்கள் கூடி விளையாட இதுவே ஏற்ற வழி. ஆனால், விளையாட்டுக் கருவியும் படவீழ்த்தியும் நல்ல நிலையில் இருந்தும் சில வேளைகளில் திரையில் படம் தோன்றுவதில்லை. படம் வந்தால் ஒலி வருவதில்லை. பெரும்பாலும் இதற்குக் காரணம், இரண்டையும் இணைக்கும் கம்பிவடம்தான்.

இந்நிலையில் சிலர் கடையில் உள்ள வடங்களிலேயே விலை கூடியதை வாங்கிவிடுகிறார்கள். வேறு சிலர், பழைய கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணி அதைத் தூக்கியெறிகிறார்கள். முதலாவது பண விரயம்; இரண்டாவது பொருள் விரயம். இரண்டையும் தவிர்க்க, வடம் வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். இரு கருவிகளிலும் உள்ள இணைப்புத் துளைகள் யாவை? அவற்றுக்கு இடையே உள்ள தூரம் எவ்வளவு? ஒலி எந்த வழியாகச் செல்லும்?

முதல் கேள்விக்கு விடை காண, வடத்தின் வழியே செல்லும் சமிக்ஞைகளைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். அவை இரு வகைப்படும். ஒன்று அனலாக் சமிக்ஞை. மற்றொன்று மின்னிலக்கச் சமிக்ஞை. தொலைபேசியில் ஒருவர் பாட்டுப் பாடுவதாக வைத்துக்கொள்வோம். இடையில் இரைச்சல் ஏற்பட்டால், அது பாட்டோடு கலந்து இனிமையைக் கெடுத்துவிடும். அனலாக் சமிக்ஞையும் அத்தகையதே. வழியில் ஏற்படும் சிறு தடங்கலும் படத்தை மங்கலாக்கும். அதே தொலைபேசியில் ஒருவர் எண்களை மட்டும் சொன்னால், சற்று இரைச்சல் இருந்தாலும் மறுமுனையில் இருப்பவர் அவற்றைப் பிழையின்றி எழுதிக்கொள்ளலாம். இரைச்சல் அளவுக்கு மீறும்போதுதான் எண்கள் கேட்காமல் போகும். மின்னிலக்கச் சமிக்ஞை எண்களாகவே செல்கிறது. ஆகவே, படம் தெளிவாக வரும். வடம் தாங்காதபோது படத்தில் புள்ளிகள் மின்னும், படம் விட்டுவிட்டுத் தோன்றும் அல்லது முற்றாக மறையும்.

இனி, கருவிகளின் பின்புறத்தில் காணப்படும் துளைகளைப் பார்ப்போம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆகிய நிறங்களில் மூன்று வட்டத் துளைகள் இருந்தால், அது காம்போசிட் இணைப்பு. மஞ்சள் படத்தையும் வெள்ளை இடப்பக்க ஒலியையும் சிவப்பு வலப்பக்க ஒலியையும் கொண்டு செல்லும். பச்சை, நீலம், சிவப்பு ஆகிய மூன்று துளைகளும் படத்திற்கென்றே இருந்தால், அது காம்போனன்ட் இணைப்பு. படத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து அனுப்புவதால், இது காம்போசிட்டைவிடத் தெளிவானது. 15 ஊசிகளைக் கொண்ட துளை வி.ஜி.ஏ. எனப்படும். ஐ.பி.எம். நிறுவனம் 1987ஆம் ஆண்டில் இதனைக் கணினிகளுக்காக அறிமுகப்படுத்தியது. இவை மூன்றும் அனலாக் வகையைச் சேர்ந்தவை. தட்டையாகவும் கீழ்ப்புறம் சற்றுக் குறுகியும் இருக்கும் துளை எச்.டி.எம்.ஐ. ஆகும். 2002ஆம் ஆண்டின் இறுதியில் இதன் முதல் வரையறை வெளியானது. 19 ஊசிகளைக் கொண்ட இந்த மின்னிலக்க இணைப்பு, படத்தையும் ஒலியையும் ஒரே வடத்தில் கொண்டு செல்கிறது.

விளையாட்டுக் கருவி வெளிவந்த ஆண்டை மட்டும் வைத்து அதன் துளையைக் கணித்துவிட முடியாது. நிண்டெண்டோ நிறுவனத்தின் வீ, சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 3 ஆகிய இரண்டும் 2006ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில்தான் விற்பனைக்கு வந்தன. ஆனால், பிளேஸ்டேஷன் 3 கருவியில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தது, வீ கருவியில் இல்லை. 2017ஆம் ஆண்டில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியை அதற்குரிய தாங்கியில் வைத்தால்தான், தாங்கியில் உள்ள எச்.டி.எம்.ஐ. துளை வழியாகப் படம் வெளியே செல்லும். அதன் சிறிய வடிவமான ஸ்விட்ச் லைட், பெரிய திரையில் இணைப்பதற்காக உருவாக்கப்பட்டதே அன்று. எனவே, கடைக்குச் செல்லும் முன் இரு கருவிகளின் பின்புறத்தையும் படம் பிடித்துக்கொள்வது நல்லது.

இரு கருவிகளிலும் எச்.டி.எம்.ஐ. இருந்தால், வேலை எளிது. ஒரே வடம் போதும். பழைய விளையாட்டுக் கருவியைப் புதிய படவீழ்த்தியுடன் இணைக்கும்போதுதான் கவனம் தேவை. படவீழ்த்தியில் மஞ்சள் துளை இருந்தால், பழைய மூவண்ண வடத்தையே பயன்படுத்தலாம். இல்லாவிட்டால், அனலாக் சமிக்ஞையை மின்னிலக்கச் சமிக்ஞையாக மாற்றும் மாற்றி ஒன்று வேண்டும். ஒரு பக்கம் மூவண்ண முனைகளும் மறுபக்கம் எச்.டி.எம்.ஐ. முனையும் கொண்ட வெறும் வடத்தால் இவ்வேலையைச் செய்ய முடியாது. வடிவம் பொருந்தினாலும் சமிக்ஞை பொருந்தாது. மாற்றிக்கு மின்சாரமும் தேவை. அது எந்தத் திசையில் மாற்றுகிறது என்பதையும் பார்த்தே வாங்க வேண்டும். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து மூவண்ணத்திற்கு மாற்றும் பெட்டி, பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் இங்கே உதவாது. மாற்றியால் பழைய படம் புதிய படமாகிவிடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வீ கருவி அதிகபட்சம் 480 வரிகள் கொண்ட படத்தையே தரும். அதைப் பெரிய சுவரில் காட்டினால், படம் சற்று மென்மையாகத்தான் தெரியும்.

மாறாக, புதிய விளையாட்டுக் கருவியை வி.ஜி.ஏ. மட்டும் உள்ள பழைய படவீழ்த்தியுடன் இணைக்க வேண்டியிருக்கலாம். இதற்கும் மாற்றி தேவை. வி.ஜி.ஏ. ஒலியைக் கொண்டு செல்லாது. ஆதலால், ஒலி வெளியேறத் தனித் துளை உள்ள மாற்றியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிறத்தைப் பார்த்துச் செருகும்போதும் தவறு நேரலாம். காம்போனன்ட் வடத்தில் ஒலிக்குரிய முனைகளையும் சேர்த்து ஐந்து முனைகள் இருக்கும். அவற்றில் இரண்டு சிவப்பு நிறத்தவை. ஒன்று படத்திற்கு, மற்றொன்று ஒலிக்கு. இவை இடம் மாறினால், படத்தின் நிறம் கெடும். ஒலிபெருக்கியில் இரைச்சல் எழும். மஞ்சள் முனையைப் பச்சைத் துளையில் செருகினால், படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். இவை கருவியின் பழுதுகள் அல்ல; முனைகளை மாற்றிச் செருகினாலே சரியாகிவிடும்.

இரண்டாவது கேள்வி தூரத்தைப் பற்றியது. முழு உயர்தெளிவுப் படம் ஒன்றில் கிடைவாக 1920, செங்குத்தாக 1080 எனச் சுமார் 2 மில்லியன் படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 இலக்கங்கள் தேவை. நொடிக்கு 60 படங்கள் என்றால், ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 3 பில்லியன் இலக்கங்கள் வடத்தின் வழியே ஓட வேண்டும். 4கே எனப்படும் படத்தில் படப்புள்ளிகள் இதைப்போல் நான்கு மடங்கு. இவ்வளவு வேகமாக ஓடும் சமிக்ஞை, செப்புக் கம்பியில் தூரம் கூடக் கூட வலுவிழக்கும். மேசைமீது வைத்த படவீழ்த்திக்கு இரண்டு மூன்று மீட்டர் வடம் போதும். மண்டபத்தின் கூரையில் தொங்கும் படவீழ்த்திக்குப் பத்து மீட்டருக்கும் மேல் தேவைப்படலாம். அத்தகைய இடங்களில் கண்ணாடி இழை வழியே ஒளியாகச் சமிக்ஞையை அனுப்பும் வடம் ஏற்றது. இவ்வகை வடத்தில் ஒரு முனை விளையாட்டுக் கருவிக்கும் மறுமுனை திரைக்கும் உரியது எனக் குறித்திருப்பார்கள். திருப்பிச் செருகினால் படம் வராது.

தூரத்தை அளக்கும்போது நேர்கோட்டில் அளப்பது தவறு. வடம் சுவரோரமாகச் சென்று, மேலேறி, வளைந்து செல்லும். ஒரு நூலை அதே வழியில் பிடித்து, பிறகு அந்த நூலை அளந்தால் சரியான நீளம் கிடைக்கும். ஒரு மீட்டர் கூடுதலாக வாங்குவது நன்மை. பத்து மீட்டர் கூடுதலாக வாங்குவது வீண். நடைபாதையின் குறுக்கே வடத்தை இழுத்துவிடாமல் சுவரோரமாகக் கொண்டுசென்றால், யாரும் தடுக்கி விழமாட்டார்கள்.

சிம் லிம் ஸ்குவேர் போன்ற மின்பொருள் கடைத்தொகுதிகளில் வடங்கள் வெவ்வேறு விலைகளில் கிடைக்கின்றன. தங்க முலாம் பூசிய முனைகள், பளபளக்கும் பெட்டி ஆகியவை விலையை உயர்த்தும். தங்க முலாம் முனையைத் துருவிலிருந்து காக்கும் என்பது உண்மையே. ஆனால், அது படத்தின் தெளிவைக் கூட்டாது. எண்கள் முழுமையாக வந்து சேர்ந்துவிட்டால், மலிவான வடத்தில் வந்த படமும் விலையுயர்ந்த வடத்தில் வந்த படமும் ஒன்றே. மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பது இங்கே மிகவும் பொருந்தும். பெட்டியின் பளபளப்பைவிட, அதன்மேல் உள்ள தரச்சான்று முத்திரையைப் பார்ப்பதே அறிவுடைமை. ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ என்னும் சான்று பெற்ற வடம், நொடிக்கு 60 படங்கள் கொண்ட 4கே காட்சியைத் தாங்கும். ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ சான்று பெற்றது, நொடிக்கு 48 பில்லியன் இலக்கங்கள்வரை தாங்கும். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவற்றின் முழு ஆற்றலுக்கு இது தேவைப்படும். எனினும், படவீழ்த்தி 1080 வரிகளை மட்டுமே காட்டும் என்றால், அதற்குமேல் திறன் கொண்ட வடத்தால் பயன் ஏதும் இல்லை. விரலுக்கேற்ற வீக்கமே போதும்.

மூன்றாவது கேள்வி ஒலியைப் பற்றியது. பல படவீழ்த்திகளில் சிறிய ஒலிபெருக்கியே உள்ளது. சிலவற்றில் அதுவும் இல்லை. எச்.டி.எம்.ஐ. வழியாக ஒலி படவீழ்த்திக்குச் சென்றாலும், அங்கிருந்து மண்டபம் முழுவதும் கேட்க வழி வேண்டும். படவீழ்த்தியில் ஒலி வெளியேறும் துளை இருந்தால், சாதாரண ஒலி வடத்தைக் கொண்டு ஒலிபெருக்கியுடன் இணைக்கலாம். அத்துளை இல்லாதபோது, எச்.டி.எம்.ஐ. சமிக்ஞையிலிருந்து ஒலியை மட்டும் பிரித்தெடுக்கும் சிறு பெட்டியைப் பயன்படுத்தலாம்.

எல்லாம் சரியாக இணைந்த பிறகும், பொத்தானை அழுத்திச் சற்றுத் தாமதமாகவே திரையில் பாத்திரம் குதிப்பதுபோல் தோன்றலாம். இதற்காக வேறு வடம் வாங்கத் தேவையில்லை. படவீழ்த்தி ஒவ்வொரு படத்தையும் மெருகூட்டிக் காட்ட எடுத்துக்கொள்ளும் நேரமே பெரும்பாலும் இதற்குக் காரணம். படவீழ்த்தியின் அமைப்புகளில் விளையாட்டு முறை இருந்தால், அதைத் தேர்ந்தெடுக்கத் தாமதம் குறையும்.

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் குறிப்பிடுகிறது. நல்ல நிலையில் உள்ள ஒரு விளையாட்டுக் கருவி, பொருத்தமான வடம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அக்குவியலில் சேரக் கூடாது. ஆகவே, படம் வராதபோது முதலில் துளைகளைப் பார்க்க வேண்டும்; அடுத்துத் தூரத்தை அளக்க வேண்டும்; பிறகு ஒலியின் வழியை அறிய வேண்டும். தேவையான வடம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பின்னரே கடைக்குச் செல்ல வேண்டும். இந்தச் சிறு முயற்சியால் பெற்றோரின் பணமும் மிஞ்சும். பழைய கருவிக்கும் மறுவாழ்வு கிடைக்கும்.