ஸ்ரோக்கர் எஞ்சின்: முதல்தரம் கட்டுபவர் எதை முதலில் வாங்குவது?



கோடை தொடங்கினால் எங்கள் பிள்ளைகளில் சிலர் கராஜுக்குள்ளேயே குடியிருக்கத் தொடங்கிவிடுவார்கள். பெட்டி பெட்டியாகச் சாமான் வரும், கடனட்டைக் கணக்கு ஏறும், உள்ளே என்ன நடக்கிறது என்று தாய் தகப்பனுக்குத் தெரியாது. என் வீட்டிலும் அப்படித்தான். மகன் 1993ஆம் ஆண்டு மஸ்ராங் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "அப்பா, இதை 347 ஆக்கப் போறன்" என்றான். நான் யாழ்ப்பாணத்தில் லேத் பட்டறையில் வேலை பழகியவன். இங்கே ஸ்காபரோவில் இருபது வருடத்துக்கு மேல் மெஷின் ஷொப்பில் நின்றவன். "அதென்ன பெரிய வேலை" என்று நானும் கூட இறங்கினேன். கடைசியில் பெரிய பிழையை விட்டதும் நான்தான். அதையும் சொல்கிறேன்.

ஸ்ரோக் என்பது சிலிண்டருக்குள் பிஸ்ரன் மேலிருந்து கீழே போகும் தூரம். சைக்கிளில் பெடல் கட்டையை நீளமாக்கினால் கால் பெரிய வட்டம் போடும் அல்லவா? அதுபோல, கிராங்கின் கை நீண்டால் பிஸ்ரன் கூடுதல் தூரம் போகும், அதே புளொக்குக்குள் கூடுதல் காற்றும் பெற்றோலும் அடங்கும். இதுதான் ஸ்ரோக்கர்.

மகனின் காரில் இருந்தது போர்ட் 302. இந்த எஞ்சின் குடும்பத்தை உலகம் முழுக்க "வின்சர்" என்றுதான் சொல்வார்கள். நாங்கள் 401இல் மேற்கே போனால் ரோட்டு முடிகிற அதே வின்சர், அங்குள்ள போர்ட் ஆலையால் வந்த பெயர். சிலிண்டரின் அகலம் 4 அங்குலம், ஸ்ரோக் 3 அங்குலம். எட்டுச் சிலிண்டருக்கும் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 302 கன அங்குலம் வரும். லீற்றரில் 4.94தான், போர்ட் அதை 5.0 என்று விற்றது! சிலிண்டரை 4.030 அங்குலத்துக்குக் கடைந்து, 3.4 அங்குல ஸ்ரோக் உள்ள கிராங்கைப் போட்டால் 347 கன அங்குலம், அதாவது 5.7 லீற்றர்.

கிராங் மலிவாகக் கிடைத்தால் உடனே வாங்கத் தோன்றும். வாங்கவேண்டாம். முதல் காசு புளொக்குக்குப் போகவேண்டும். கழுவி, வெடிப்பு உண்டா என்று சோதித்து, சிலிண்டர் 4.030க்குத் துப்பரவாக வருமா என்று மெஷின் ஷொப்பில் கேட்டுவிட்டுத்தான் மற்றது. பிஸ்ரனை முன்னரே வாங்கிவிட்டு, பிறகு சிலிண்டரை இன்னும் அகலமாகக் கடையவேண்டி வந்தால் எட்டுப் பிஸ்ரனும் வீண். இந்த 302 புளொக்குக்கு ஒரு எல்லையும் உண்டு. 500 குதிரைவலுவை அண்டினால் நடுவால் பிளக்கும் என்பது இத்தொழிலில் நிற்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ரேர்போ போடுகிற எண்ணம் இருந்தால் அதை இப்போதே சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் புளொக்கே வேறாக இருக்கவேண்டும்.

அடுத்தது கிராங், றொட், பிஸ்ரன். இவை மூன்றும் தனித்தனிச் சாமான் அல்ல, ஒரு கூட்டல் கணக்கு. கிராங் நடுவிலிருந்து புளொக்கின் மேல்தளம் வரை 8.206 அங்குலம். அதற்குள் ஸ்ரோக்கில் பாதி, றொட்டின் நீளம், பிஸ்ரன் பின்னிலிருந்து பிஸ்ரன் தலை வரையான உயரம் மூன்றும் அடங்கவேண்டும். பழைய எஞ்சினில் 1.5, 5.090, 1.6. கூட்டினால் 8.19. இப்போது ஸ்ரோக்கில் பாதி 1.7 ஆகிறது. 5.400 அங்குல றொட் போட்டால் பிஸ்ரனுக்கு மிச்சம் 1.09தான். பிஸ்ரன் அவ்வளவு கட்டையானால், பின் போகும் துளை ஒயில் றிங் இருக்கும் வெட்டுக்குள் வந்துவிடும். அதை மூட ஒரு மெல்லிய தாங்கு வளையம் போடுவார்கள். நான் 5.315 றொட்டைத் தேர்ந்தேன். பிஸ்ரன் உயரம் 1.175 கிடைத்தது. ரோட்டில் ஓடும் காருக்கு அதுவே நல்லது என்பது என் எண்ணம். மகனின் நண்பர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, நீளமான றொட்தான் திறம் என்று இன்றைக்கும் சொல்லுகிறார்கள்.

3.4 அங்குலக் கிராங் சுற்றும்போது றொட்டின் போல்ட்டுகள் சிலிண்டரின் அடிவிளிம்பில் முட்டப் பார்க்கும். அங்கே அரைத்து இடம் எடுக்கவேண்டும். பூட்டுவதற்கு முன் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எட்டு இடத்திலும் இடைவெளியைப் பாருங்கள். காம் ஷாஃப்ட் பக்கமும் பாருங்கள்.

இனி அழுத்தம். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40களை மண்ணெண்ணெயில் ஓட்டினது பலருக்கு நினைவிருக்கும். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பாரம் ஏற்றி இழுத்தால் எஞ்சின் டக் டக் என்று அடிக்கும். எரிபொருள் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் தன்பாட்டில் வெடிக்கிற சத்தம் அது. அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின் என்றபடியால்தான் அந்தக் கார்கள் பிழைத்தன. ஸ்ரோக்கரில் இந்த ஆபத்து ஓசைப்படாமல் வரும். 302இன் ஒரு சிலிண்டர் 618 சி.சி. பிஸ்ரனுக்கு மேலே மிஞ்சும் இடம் 77 சி.சி. என்று வைப்போம். அழுத்தம் 9க்கு 1. அதே 77ஐ வைத்துக்கொண்டு 347 கட்டினால் சிலிண்டர் 711 சி.சி. ஆகிறது, அழுத்தம் 10.2க்கு ஏறிவிடும். பழைய இரும்பு ஹெட்டோடும் 91 ஒக்டேன் பெற்றோலோடும் அது வில்லங்கம். ஆகவே ஹெட் எது என்று முடிவெடுத்த பிறகுதான் பிஸ்ரன் தலையில் எவ்வளவு குழி வேண்டும் என்று கேட்கமுடியும். நாங்கள் 9.5க்குக் கட்டினோம். அதற்கு மேலே 84 சி.சி. அளவு இடம் வேண்டும்.

ஹெட்டிலும் காசு மிச்சம் பிடிக்கக்கூடாது. பழைய ஹெட்டின் உள்வால்வு 1.78 அங்குலம், வெளியே விற்கும் அலுமினிய ஹெட்டுகளில் 2.02 வரும். பெரிய நெஞ்சுக்குச் சின்ன மூக்கு வைத்தால் ஓட்டக்காரன் ஓடுவானா? இன்ஜெக்டரும் அப்படித்தான். காரோடு வந்தவை மணிக்கு 19 இறாத்தல் விடுபவை, ஏறக்குறைய 250 குதிரைவலுவுக்குக் காணும். 350 வேண்டுமென்றால் 30 இறாத்தல் போடவேண்டும், கணினியையும் அதற்கேற்பத் திருத்தவேண்டும்.

இப்போது என் பிழை. 302 கிராங்கில் சமநிலைப் பாரத்தின் ஒரு பங்கு முன்னாலுள்ள டம்பரிலும் பின்னாலுள்ள பிளைவீலிலும் இருக்கும். பழைய 302களில் அது 28 அவுன்ஸ் அங்குலம். 1980களின் தொடக்கத்தில் போர்ட் அதை 50 ஆக்கியது. ஸ்ரோக்கர் கிராங்குகள் இரண்டு வகைக்கும் விற்பனையாகின்றன. எங்களுக்கு மலிவாகக் கிடைத்த கிராங்கை விற்றவர் "பலன்ஸ் செய்தது" என்றார். உண்மைதான், செய்திருந்தது, 28க்கு. காரில் இருந்த டம்பரும் பிளைவீலும் 50. "எல்லாத்தையும் மெஷின் ஷொப்பில குடுத்து ஒருக்கா பலன்ஸ் பார்ப்பமே அப்பா?" என்று மகன் கேட்டான். "ஏன் தம்பி வீண் செலவு, செய்தது எண்டு சொல்லுறாங்கள்தானே" என்று நான் மறித்தேன்.

ஸ்ராட் பண்ணினோம். 2000 சுற்றுக்கு வந்ததும் கியர் தடி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நடுங்கியது. நான் கியர் பெட்டியைச் சந்தேகித்து இரண்டு வாரவிடுமுறையை வீணாக்கினேன். கிராங்கோடு வந்த தாளை மகன்தான் எடுத்து வாசித்தான். இரண்டு முனையிலும் 22 அவுன்ஸ் பிசகு. ஒவ்வொரு முனையிலும், நடுவிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, அறுநூறு கிராமுக்கு மேற்பட்ட கல்லைக் கட்டிச் சுழற்றியது போல. எஞ்சினைத் திரும்பக் கழற்றினோம். மெயின் பெயரிங்குகள் கீறுப்பட்டிருந்தன. புதுப் பெயரிங், 28க்கான டம்பர், பிளைவீல், பிறகு அந்த பலன்ஸ் செலவும். மகன் ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடச் சுட்டது.

பெற்றோருக்கு இன்னொன்று. கூடின வலுவை ரோட்டில் பரீட்சிக்கக்கூடாது. 2007 செப்டெம்பர் 30 முதல் ஒன்ராறியோவில் வீதிப் பந்தயத்துக்கும் சாகச ஓட்டத்துக்கும் அந்த இடத்திலேயே லைசென்ஸும் காரும் பறிபோகும். 2021இல் அதைக் கூட்டி, லைசென்ஸ் 30 நாள், கார் 14 நாள் என்று ஆக்கினார்கள். குற்றம் நிரூபணமானால் தண்டம் 2,000 டொலரிலிருந்து 10,000 வரை. புகைச் சோதனை 2019 ஏப்ரலில் சாதாரணக் கார்களுக்கு நின்றுவிட்டது, ஆனால் கற்றலிற்றிக் கொன்வேட்டரைக் கழற்றலாம் என்று அர்த்தமில்லை. எஞ்சினை மாற்றியதைக் காப்புறுதிக்காரருக்கும் அறிவியுங்கள். ஓட்டிப் பார்க்க ஆசையென்றால் கயூகாவில் ட்ராக் பந்தயப் பாதை இருக்கிறது, நாங்களும் அங்கேதான் கொண்டுபோனோம்.

இப்போது கார் நடுக்கமில்லாமல் ஓடுகிறது. போன கிழமை மகன் 351 புளொக் ஒன்று மலிவாக வந்திருக்கிறது என்று படம் காட்டினான். "என்ன செய்யப் போறாய்?" என்றேன். "முதல்ல கழுவிச் சோதிச்சுப் பார்க்கப் போறன், கிராங் பிறகு" என்றான்.