உஷார்! உடைந்த தபால் பெட்டியில் கடிதம் போடாதீர்கள்

சாலையோரத்துத் தபால் பெட்டியில் கடிதத்தைத் தள்ளிவிட்டு நடையைக் கட்டுகிறவரா நீங்கள்? ஒரு நிமிடம் நில்லுங்கள். கதவு கீல் விட்டுத் தொங்குகிறதா? அடித்தகடு துருப்பிடித்துச் சல்லடையாகி விட்டதா? பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் கயிற்றால் கட்டியிருக்கிறதா? வாய்க்கு மேலே இருக்கும் மழைத்தகடு பிய்ந்து போயிருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கடிதத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு அஞ்சலகத்துக்கே போய்விடுங்கள். சிங்கம்புணரிக்காரர்களுக்கு மட்டுமல்ல, பிரான்மலை, காளாப்பூர், முறையூர், எஸ்.எஸ்.கோட்டை என்று சுற்றுப்பட்டில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். சிவப்புச் சாயம் இருக்கிறது என்பதற்காக அந்தப் பெட்டியை நம்பிவிடாதீர்கள்.

“இந்தக் காலத்தில் கடிதம் யார் போடுகிறார்கள்?” என்று கேட்பீர்கள். போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போடுகிற தபாலும் லேசுப்பட்டதல்ல. கலெக்டருக்கு மனு, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி, எல்.ஐ.சி.க்குப் படிவம், சங்கத்துக்குச் சந்தாக் காசோலை, கும்பாபிஷேகப் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை. பெரும்பாலும் வயதானவர்கள்தான் போடுகிறார்கள். பஸ் ஏறப் போகிற வழியில், சாலையோரம் சிவப்பாக ஒன்று தென்பட்டால் அதில் போட்டுவிட்டு நிம்மதியாகப் போகிறார்கள். அந்த நிம்மதிதான் ஆபத்து.

ஏனென்றால், பெட்டியில் போட்ட சாதாத் தபாலுக்குச் சாட்சி கிடையாது. முன்பு ‘சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங்’ என்று ஒன்று இருந்தது. கடிதத்தை அஞ்சலகத்தில் காட்டி, ஒரு துண்டுத் தாளில் முத்திரை வாங்கிக்கொள்ளலாம். அதை 2011 ஜனவரி 31-உடன் நிறுத்திவிட்டார்கள். பதிவுத் தபாலையும் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ஆக, கையில் ரசீது வேண்டுமென்றால் கவுன்டருக்குத்தான் போக வேண்டும். பெட்டியில் போட்ட கடிதம் மழையில் கூழாகிப் போனாலும், எவனோ உருவிக்கொண்டு போனாலும், போட்டேன் என்பதற்கு உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர வேறொன்றும் இருக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் கெடு. உடைந்த பெட்டியில் அதைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால், கடிதம் போய்ச் சேரவில்லை என்று தெரியும்போது கெடு தாண்டிப் போயிருக்கும்.

நஷ்டத்துக்கு அஞ்சல் துறை பொறுப்பேற்காதா? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். அஞ்சலகச் சட்டம் 2023, பத்தாம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: விதிகளில் தனியாகக் குறிப்பிட்ட பொறுப்பைத் தவிர, தன் சேவைக்காக அஞ்சலகம் வேறு எந்தப் பொறுப்பும் ஏற்காது. ஊழியர் மோசடி செய்தாலோ, வேண்டுமென்றே தபாலைத் தொலைத்தாலோ, தாமதப்படுத்தினாலோ, தவறான ஆளிடம் கொடுத்தாலோதான் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். துரு தின்ற தகடு இந்தக் கணக்கில் வராது. பெட்டி அரசாங்கத்தினுடையது, அதற்குள் போட்ட கடிதத்தின் நஷ்டம் மட்டும் உங்களுடையது.

இன்னொரு மாற்றம் ஓசைப்படாமல் நடந்திருக்கிறது. 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தில் 62-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தபால் பெட்டிக்குள் நெருப்பு, தீக்குச்சி, வெடிபொருள், அசுத்தம், ஏதாவது திரவம் போட்டாலோ, பெட்டிக்குச் சேதம் வருகிற எதையாவது செய்தாலோ ஒரு வருடம் வரை சிறை என்று அது பெயர் சொல்லி எச்சரித்தது. அனுமதியில்லாமல் பெட்டியில் எதையாவது ஒட்டினாலும், சாயம் பூசினாலும் அபராதம் என்றது அடுத்த பிரிவு. 2024 ஜூன் 18-ல் புதிய சட்டம் அமலுக்கு வந்ததும் பழைய சட்டம் முழுவதுமாகப் போனது. புதிய சட்டத்தில் தபால் பெட்டிக்கென்று தனிக் குற்றப் பிரிவே இல்லை. நாடாளுமன்றத்தில் மசோதா வந்தபோது எல்லோரும் கவலைப்பட்டது தபாலைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரத்தைப் பற்றி. நியாயமான கவலைதான். தெருமுனைப் பெட்டிக்கு இருந்த காவல் பறிபோனதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அதற்காக, பெட்டியை உடைத்தால் கேட்க நாதியில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெட்டி மத்திய அரசின் சொத்து. வேண்டுமென்றே உடைத்தால் 1984-ஆம் ஆண்டு பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவும் அரசுச் சொத்துக்குச் செய்யும் நாசத்தைத் தண்டிக்கிறது. சுவரொட்டி, ஸ்டிக்கர் ஒட்டுகிற தம்பிமார்களுக்கு 1959-லேயே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. பொது இடங்களை அலங்கோலம் செய்வதைத் தடுக்கும் சட்டம் அது. வைகாசியில் சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் திருவிழா வரும்போது ஊரே தோரணமும் பிளெக்ஸுமாக இருக்கும். சந்தோஷம். ஆனால் பேனர் கயிற்றைத் தபால் பெட்டியின் காலில் மட்டும் இழுத்துக் கட்டாதீர்கள். காற்றடித்தால் பேனரோடு பெட்டியும் சாயும்.

சரி, சாய்ந்த பெட்டியை யார் நிமிர்த்துவது? இந்தக் கேள்விக்கு ஊரில் கிடைக்கிற பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். “பேரூராட்சில சொன்னேன், அவுக போஸ்ட் ஆபீஸ்ல சொல்லச் சொன்னாக. ரோட்டுக்காரவுககிட்ட சொன்னேன், எங்க வேலை இல்லைன்டாக.” இப்படியே ஒரு மழைக்காலம் போய்விடும். குழப்பமே வேண்டாம். பெட்டி, பூட்டு, சாவி, உள்ளே இருக்கிற கடிதம் எல்லாமே அஞ்சல் துறையினுடையது. பழுது பார்ப்பதும், மாற்றுவதும், வேண்டாமென்றால் எடுத்துவிட்டு வேறிடம் காட்டுவதும் அவர்கள் வேலை. பேரூராட்சிக்கோ பக்கத்துக் கடைக்காரருக்கோ அந்தக் கடமை இல்லை. சாலை அகலப்படுத்துகிறவர்கள் பெட்டியைப் பிடுங்கிப் போட்டிருந்தாலும், அவர்களிடம் கணக்குக் கேட்க வேண்டியது அஞ்சல் துறைதான். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தால்தானே கேட்பார்கள்? தெரியப்படுத்துவது நம் கையில் இருக்கிறது.

தேங்காய் மட்டையும் கயிற்றுக் கட்டும் ஏற்றிக்கொண்டு லாரிகள் நாள் முழுவதும் போய் வருகிற ஊர் இது. பின்பக்கம் எடுக்கும்போது ஒரு லாரி பெட்டியில் இடித்துவிட்டால், டிரைவரோடு சண்டை போடாதீர்கள். வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அஞ்சலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள். வண்டிக்குக் கட்டாயமாக இருக்க வேண்டிய மூன்றாம் நபர் காப்பீட்டில் பிறர் சொத்துக்கு வரும் சேதமும் அடங்கும். எண் தெரியாவிட்டால் யாரிடமும் எதுவும் வாங்க முடியாது.

நல்லெண்ணத்தில் செய்கிற தப்புகள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. பெட்டி திறந்து கிடக்கிறதே என்று வீட்டிலிருந்து ஒரு பூட்டைக் கொண்டுவந்து மாட்டுகிறார் ஒருவர். மறுநாள் தபால்காரர் வந்தால் திறக்க முடியாது. உள்ளே போடுகிற கடிதம் எல்லாம் அங்கேயே சிறைப்படும். இன்னொருவர் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு அதே இடத்தில் வெல்டிங் வைக்கச் சொல்கிறார். உள்ளே காகிதம் கிடக்கிற இரும்புப் பெட்டியில் நெருப்புப் பொறி விழுந்தால் என்ன ஆகும்? தயவுசெய்து பூட்டாதீர்கள், பற்றவைக்காதீர்கள், சாயம் அடிக்காதீர்கள், வேறிடத்துக்கு நகர்த்தாதீர்கள். ‘பெட்டி பழுது, கடிதம் போட வேண்டாம்’ என்று ஓர் அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்தால் போதும். அதுவும் பெட்டியில் ஒட்டாமல்.

உடைந்த பெட்டியிலிருந்து கடிதங்கள் வெளியே சிதறிக் கிடந்தால்? வீட்டுக்கு எடுத்துப் போய் ‘அப்புறம் கொடுக்கலாம்’ என்று வைக்காதீர்கள். பிறர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு விளக்கம் சொல்வது சிக்கலான காரியம். முகவரி தெரிகிற மாதிரி படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் “யாருடையது?” என்று கேட்பது அதைவிட மோசம். ஒரு முகவரியும், ஒரு காசோலை எண்ணும், ஒரு கையெழுத்தும் மோசடிக்காரனுக்குப் போதும். இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுக்கி எடுத்து, அன்றைக்கே அஞ்சலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. அமெரிக்காவில் பெட்டியின் வாய் வழியாகப் பசை தடவிய பொறியை இறக்கிக் கடிதத்தை இழுப்பதும், காசோலையின் மையை ரசாயனத்தில் கழுவித் தொகையை மாற்றி எழுதுவதும் பெரிய தொழிலாகவே ஆகிவிட்டன. அதனால்தான் 2023-ல் அந்நாட்டு அஞ்சல் துறை 12,000 உயர் பாதுகாப்புப் பெட்டிகளை நிறுவப்போவதாக அறிவித்தது. 2024 அக்டோபரில் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு தெருப் பெட்டிக்கு ஒருவன் தீ வைத்தான். உள்ளே இருந்த சுமார் 20 தேர்தல் வாக்குச்சீட்டுகள் சேதமாகின. ஒரு முக்கியமான வித்தியாசம்: அங்கே வீட்டு வாசலில் கம்பு நட்டு வைக்கிற தபால் பெட்டியை வாங்குவதும் பழுது பார்ப்பதும் வீட்டுக்காரர் செலவு. அங்கிருந்து பிள்ளைகள் போனில், “பெட்டியை நீங்களே சரி பண்ணிக்கங்கப்பா” என்று சொன்னால், இங்கே தெருப் பெட்டிக்கு அது பொருந்தாது.

நம் வீட்டுக் கேட்டில் நாமே மாட்டிய பெட்டிக்கு அது பொருந்தும். அது முழுக்க நம் பொறுப்பு. செட்டிநாட்டுப் பக்கம் இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெரிய பெரிய வீடுகள் வருடத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. ஆட்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். மூடி உடைந்த வாசல் பெட்டியில் கடிதங்கள் பிதுங்கிக்கொண்டு நின்றால், வீட்டில் ஆள் இல்லை என்று திருடனுக்கு நாமே எழுதி வைத்த மாதிரி. வெளியூர் போகிறவர்கள், தபாலை இன்ன முகவரிக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று அஞ்சலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். பலருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது.

புகாரை வாயால் சொல்லாதீர்கள். எழுதுங்கள். பெட்டி எந்த இடம், பக்கத்தில் என்ன கடை அல்லது கோயில், எது உடைந்திருக்கிறது, என்றைக்குப் பார்த்தீர்கள், இவ்வளவும் இருந்தால் போதும். ஒரு படமும் வையுங்கள். சிங்கம்புணரி துணை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டரிடம் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இன்னொரு பிரதி காரைக்குடியில் இருக்கும் அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளருக்கு. அங்கும் நகரவில்லையென்றால் 1800 266 6868 என்ற அஞ்சல் துறையின் கட்டணமில்லா எண்ணும், மத்திய அரசின் ‘சிபிகிராம்ஸ்’ குறைதீர் தளமும் இருக்கின்றன. அந்தப் பெட்டியில் கடைசியாக எப்போது தபால் எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். பெட்டிக்குள் ஒட்டிய பார்கோடைத் தபால்காரர் கைபேசியில் ஸ்கேன் செய்து பதிவு போடும் முறையை அஞ்சல் துறை கொண்டுவந்திருக்கிறது. அப்படிப் பதிவு இருந்தால் தேதியும் நேரமும் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே அப்படியொரு பெட்டியில் போட்டுவிட்டீர்களா? காசோலை என்றால் இன்றைக்கே வங்கிக்குப் போய் அதன் எண்ணைச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். மனு என்றால் இன்னொரு பிரதியை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பத்திரிகை என்றால் போனை எடுத்து ஒரு வார்த்தை அழைத்துவிடுங்கள். பத்திரிகை வரவில்லையே என்று பங்காளி வீட்டில் வருத்தம் வந்துவிடக் கூடாது.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். சில இடங்களில் தபால் பெட்டியை மின்கம்பத்தில் கட்டி வைத்திருப்பார்கள். ஈரத்தில் இரும்புப் பெட்டிக்கு மின்சாரம் கசிந்தால், கடிதம் போட நீட்டிய கைதான் முதலில் தொடும். கம்பத்தோடு சேர்ந்து சாய்ந்த பெட்டியையோ, ஒயர் உரசுகிற பெட்டியையோ மழையில் தொடவே தொடாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். முதலில் மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987, அதன் பிறகு அஞ்சலகம்.