ஆங்கிலத்தில் வெற்றி குறிக்கும் வினைகள்

புறப்பாடல்களை ஆங்கிலத்திற் பெயர்க்கப் புகுவார் ‘பகைவரை வென்றான்’ என்னுந் தொடர்க்கு ‘வின்’ என்னும் வினையை ஆளின், பொருள் தலைகீழாகும். ‘வின்’ என்பது பகைவரைச் செயப்படுபொருளாகக் கொள்ளுமாயின், அவர்தம் உள்ளத்தைத் தன்பால் ஈர்த்தான் என்றே பொருள்படும். களத்தில் மாய்ந்த பகைவர் பெயர்ப்பில் நண்பராகிவிடுவர்!

தமிழில் ‘வெல்’ என்னும் வினைக்கு இவ்வரையறை இல்லை. போரை வென்றான், பகைவரை வென்றான், ஐம்புலனை வென்றான் என யாண்டும் அஃது இயலும். ஆங்கிலமோ வென்று பெறப்படுவதையும் வெல்லப்படுவாரையும் வேறு வேறு வினைகட்கு உரிமையாக்கிற்று. போர், ஆட்டம், பரிசில், கோட்டை ஆகியன ‘வின்’ என்பதற்கு உரியன. எதிரியோ ‘பீட்’, ‘டிபீட்’ என்பவற்றிற்கு உரியன்.

இதன் காரணம் சொல்வரலாற்றால் விளங்கும். ‘வின்’ என்பதன் பழைய ஆங்கில வடிவம் உழைத்தல், போரிடுதல் என்னும் பொருளது. உழைத்துப் பெறுதல் என்னும் பொருள் பின்னர் மேலோங்கவே, பெறப்படுவதே செயப்படுபொருளாயிற்று. ‘பீட்’ என்பதற்கு அடித்தல் என்பதே முதற்பொருள்; அடிபடுவோன் எதிரியன்றோ? சாகடி, தோற்கடி என்னும் நம் வினைகளில் ‘அடி’ துணைவினையாய் நிற்றல் இதனோடு ஒப்புநோக்கற்பாலது. ‘டிபீட்’ பழைய பிரெஞ்சின் வழி வந்தது. ‘செய்ததைக் குலைத்தல்’ என்பது அதன் அடிப்பொருள். ஓர் உரிமையைச் செல்லாததாக்குதல் என்னும் பொருளில் அஃது ஆங்கிலச் சட்ட வழக்கில் இன்றும் நிலவுகின்றது. இலத்தீன் அடியினதாகிய ‘வாங்குவிஷ்’ இலக்கிய நடைக்கே உரியது.

‘கான்கர்’ என்பதே நமக்குப் பெரிதும் பயன்படுவது. இலத்தீனில் இதன் அடி தேடுதலைக் குறிக்கும். தேடிப் பெறுதலாக அப்பொருள் விரிந்தது. பழைய நிலவுரிமைச் சட்டத்தில், மரபுரிமையால் அன்றிப் பிறவாற்றாற் பெற்ற உடைமையை இவ்வடிப்பிறந்த பெயர் குறித்தது. 1066இல் இங்கிலாந்தைக் கைக்கொண்ட வில்லியத்தின் சிறப்புப் பெயரும் இவ்வினையடியினதே. ‘மதிரை கொண்ட’, ‘கங்கை கொண்ட’ என்னும் சோழர் அடைகளில் வரும் ‘கொள்’ என்பதற்கு ‘டிபீட்’ ஒவ்வாது. ‘கான்கர்’ ஓரளவு ஒக்கும்.

எனினும் அதனையும் எங்கும் ஆளுதல் இயலாது. ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்னும் இரண்டாம் ஆதித்தனது அடை, தலை கொய்தமையைக் குறித்ததோ, அடிப்படுத்தமையையே குறித்ததோ என ஆய்வோர் வேறுபடுவர். ஈண்டு எவ்வினையைப் பெய்தாலும், பெயர்ப்போர் அவ்வழக்கில் ஒரு பக்கம் சார்ந்தவராகவே முடியும்.