தாயைப் பார்த்துக் குஞ்சை எடு!

‘பாலைப் பார்த்துப் பசுவை வாங்கு, தாயைப் பார்த்துப் பெண்ணை எடு’ என்பார்கள் நம் பெரியவர்கள். கொல்லையில் நாலு கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே பாடம்தான். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? தெருவில் கூவிக்கொண்டு வருகிறவரிடம் கூடையை எட்டிப் பார்க்கிறோம். குஞ்சு துறுதுறுன்னு ஓடுதா, சரி, பத்து எடுத்துப் போடுன்னு வாங்கிவிடுகிறோம். ஒரு வாரத்தில் பாதி போய்விடும். மிச்சம் பாதி வளர்ந்து நின்றால் அத்தனையும் சேவல்! “எங்க வீட்டுக்குக் கோழி ராசியில்லைங்க” என்று கூண்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறோம்.

ராசியில் ஒன்றுமில்லை. தப்பு, குஞ்சு வாங்கிய இடத்தில்!

ஆற்றங்கரையில் ஓர் ஊர்

காரைக்காலின் வடகோடியில், நண்டலாற்றை ஒட்டி இருக்கும் பூவத்தை எடுத்துக்கொள்வோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் தரங்கம்பாடி வட்டம். இந்தப் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் கடல். சம்பா அறுவடை முடிந்தால் களத்தில் சிந்திய நெல்லும், வயலில் புழு பூச்சியும் ஏராளம். கோழிக்கு இதைவிட என்ன வேண்டும்? வீட்டுப் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு முட்டை, அவசரத்துக்கு ஒரு கோழியை விற்றால் கையில் காசு. ஆனால் இதெல்லாம் நடக்க வேண்டுமானால் கோழிக்கூட்டம் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ள வேண்டும். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பொரித்து, வருஷா வருஷம் தொடர வேண்டும். அதற்கு எந்தக் குஞ்சு ஏற்றது?

மூன்று வகைக் குஞ்சுகள்

முதல் வகை, பண்ணைக் குஞ்சு. பிராய்லர், லேயர் எல்லாம் இதில் அடக்கம். பச்சை, ரோஸ், மஞ்சள் என்று சாயம் பூசி விற்கிறார்களே, அந்தக் குஞ்சுகளின் கதை தெரியுமா? முட்டைப் பண்ணைக்கு பெட்டைக் குஞ்சு மட்டும்தான் தேவை. பொரித்த அன்றே ஆண் குஞ்சுகளைப் பிரித்து ஒதுக்கிவிடுவார்கள். அப்படிக் கழித்துக் கட்டியவைதான் பெரும்பாலும் சாயம் பூசிக்கொண்டு தெருவுக்கு வருகின்றன. முட்டைக்காக அதை வாங்கினால், எத்தனை வருஷம் வளர்த்தாலும் ஒரு முட்டைகூட விழாது! தாயின் சூடும் இல்லாமல், தடுப்பு மருந்தும் இல்லாமல் வருவதால் பாதிக்கு மேல் பிழைப்பதும் கஷ்டம். குழந்தை அழுகிறதே என்று வாங்கிக் கொடுக்காதீர்கள். நாலாம் நாள் இன்னும் அதிகமாக அழும்.

இரண்டாவது வகை, ஆராய்ச்சி நிலையங்கள் புறக்கடைக்கென்றே உருவாக்கிய ரகங்கள். ஹைதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககத்தின் வனராஜா, கிராமபிரியா, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, பெங்களூரின் கிரிராஜா. பார்க்க நாட்டுக்கோழி மாதிரி கலர் கலராக இருக்கும். நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை இட்டால், வனராஜா 100-க்கு மேல் இடும். கிராமபிரியா நல்ல கவனிப்பில் 200-ஐத் தொடும்.

“அப்போ இதையே வாங்கிடலாமே?” என்கிறீர்களா? இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதிக முட்டைக்காகத் தேர்ந்தெடுத்த இந்த ரகங்களுக்கு அடைகாக்கும் குணம் ரொம்பக் குறைவு. அது மட்டுமல்ல, வனராஜா போன்றவை இரண்டு வம்சங்களைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பு. வீரிய ஒட்டுரக விதையில் விளைந்த நெல்லை எடுத்து அடுத்த போகத்துக்கு விதைத்தால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒன்று உயரம், ஒன்று குட்டை என்று கலந்துகட்டி வரும். கோழியிலும் அப்படியே. தாயின் முட்டை எண்ணிக்கை குஞ்சுக்கு அப்படியே வராது. முட்டை மட்டும் போதும், தீர்ந்தால் மறுபடி குஞ்சு வாங்கிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு இந்த ரகங்கள் அருமை. வம்சம் வளர்க்க நினைப்பவர்களுக்குப் போதாது.

மூன்றாவது வகை, நம்ம ஊர் நாட்டுக்கோழி. சிறுவிடை, பெருவிடை, கழுத்தில் இறகில்லாத கோழி, கொண்டைக்கோழி என்று எத்தனையோ. பெருவிடை கறிக்கு ஏற்றது, முட்டை குறைவு. சிறுவிடை உடம்பில் சின்னது. ஆனால் அடையில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. பருந்து வந்தால் குஞ்சுகளைச் சிறகுக்குள் அடக்கிக்கொண்டு சண்டைக்கு நிற்கும். கழுத்தில் இறகில்லாத கோழி வெயிலைத் தாங்கும். கடலோரப் புழுக்கத்துக்கு இது கைகொடுக்கும். வம்சம் பெருக வேண்டுமா, உங்கள் கூட்டத்தின் அஸ்திவாரம் நாட்டுப் பெட்டையாக இருக்கட்டும்.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. நந்தனம், வனராஜா முட்டை கிடைத்தால் நாட்டுக்கோழியின் கீழ் வையுங்கள். பொரிப்பதும் வளர்ப்பதும் அவள் பொறுப்பு!

என்ன கேட்க வேண்டும்?

விற்பவரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால் தாயைக் கேளுங்கள்.

“அண்ணே, இதோட தாய்க்கோழி எங்க இருக்கு? பார்க்கலாமா?”

“வீட்டுலதான் மேயுது தங்கச்சி, வந்து பாரேன்” என்றால் பாதி வேலை முடிந்தது. “எல்லாம் ஒரே கோழிதாம்மா, எடுத்துட்டுப் போ” என்றால் கையை மடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

தாயைக் கண்ணால் பார்த்த பிறகு இன்னும் நாலு கேள்வி. போன தடவை எத்தனை முட்டை வைத்து எத்தனை பொரித்தது? பொரித்ததில் எத்தனை பிழைத்தது? சேவல் அதே வீட்டில் பொரித்ததா, வெளியிலிருந்து வந்ததா? சமீபத்தில் அந்தத் தெருவில் கோழி செத்ததா?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ஏனென்றால் சில நோய்கள் தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடும். ‘புல்லோரம்’ என்று ஒரு நோய். சால்மோனெல்லா வகைக் கிருமியால் வருவது. தாய் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். குஞ்சுகள் பொரித்த சில நாளில் பின்பக்கம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வரிசையாகச் சாகும். சளி நோயை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மாவும் இப்படியே முட்டையில் ஏறி வரும். குஞ்சை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. தாய் வீட்டின் சரித்திரம்தான் காட்டிக்கொடுக்கும்.

முதல் வழி: முட்டை வாங்கி அடை வையுங்கள்

சொந்தமாக ஓர் அடைக்கோழி இருந்தால் இதுதான் செலவு குறைந்த வழி. நல்ல தாய் உள்ள வீட்டிலிருந்து முட்டை வாங்குங்கள். நடுத்தர அளவு, ஓட்டில் கீறலோ சொரசொரப்போ கூடாது. அழுக்கு முட்டையைக் கழுவி வைக்காதீர்கள். ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய படலம் கரைந்து கிருமி உள்ளே போகும். இட்டு ஒரு வாரத்துக்கு மேலான முட்டை வேண்டாம். கோடையில் நாலைந்து நாள்தான் கணக்கு. ஈர மணல் பரப்பிய மண்சட்டியில், கூர்முனை கீழாக வைத்துச் சேமிக்கலாம்.

ஒரு கோழிக்கு 10 முதல் 12 முட்டை போதும். ஏழாம் நாள் ராத்திரி இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்தி மாதிரி ரத்த நரம்பு தெரிந்தால் கரு பிடித்திருக்கிறது. தெளிவாகத் தெரிந்தால் கரு இல்லை, எடுத்துவிடலாம். 21-ம் நாள் குஞ்சு!

“கூரான முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை” என்று சொல்வார்கள். அதில் உண்மையில்லை. முட்டையின் வடிவத்துக்கும் ஆண், பெண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. கோழி இனத்தில் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது பெட்டையிடமிருந்து வரும் குரோமோசோம். மனிதர்களில் அது தகப்பனிடமிருந்து வருகிறது. பெண் குழந்தை பிறந்தால் மருமகளைக் கரித்துக்கொட்டும் மாமியார்கள் கவனிக்க!

இரண்டாவது வழி: ஒரு நாள் குஞ்சு

காரைக்காலில் கால்நடை பராமரிப்புத் துறை மருந்தகங்களும், மாதூரில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. எந்த ரகக் குஞ்சு எங்கே, எப்போது கிடைக்கும் என்று அங்கே விசாரியுங்கள். புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி. ஒன்றை நினைவில் வையுங்கள்: ஆற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு அரசு தரும் இலவசத் திட்டம் இந்தப் பக்கத்துக்காரருக்குப் பொருந்தாது. அதனால் முதலில் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கும். அதனால் இரண்டு நாள் தீனி இல்லாமலே தாங்கும். தூரத்திலிருந்து கொண்டுவர முடிவது இதனால்தான். காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில், வெயில் ஏறுவதற்கு முன் கொண்டுவந்து சேருங்கள்.

கையில் எடுத்துப் பாருங்கள். கண் பளபளப்பாக இருக்க வேண்டும். தொப்புள் மூடி, காய்ந்திருக்க வேண்டும். பின்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். மல்லாக்கப் போட்டால் சட்டென்று புரண்டு எழ வேண்டும். கால் வளைந்தது, அலகு கோணியது வேண்டாம். மாரக்ஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். அது பொரித்த முதல் நாளே போட வேண்டியது.

மூன்றாவது வழி: வளர்ந்த கோழி

சந்தையில் வெடக்கோழி வாங்குவது சுலபம். ஆபத்தும் அதில்தான் அதிகம். பத்து ஊர் கோழிகள் ஒரே இடத்தில் கால் கட்டிக் கிடந்தால், பத்து ஊர் நோயும் அங்கே இருக்கும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் மூன்று வாரம் தனியாக, தனித் தண்ணீர், தனித் தீனி வைத்து வளர்த்துப் பார்த்துவிட்டு மற்றதோடு விடுங்கள்.

எப்போது தொடங்கலாம்?

தை, மாசிதான் இந்தப் பக்கத்துக்கு நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், களத்தில் நெல் சிந்திக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் நேரம். ஈரத்தில் குஞ்சு விறைத்துவிடும், ரத்தக்கழிச்சலும் வரும். அக்னி நட்சத்திர வெயிலில் முட்டை கூமுட்டையாகப் போவது அதிகம்.

தாயில்லாத குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சுகளே சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிருகிறது; ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம்; பரவலாகப் படுத்திருந்தால் சரி.

வெள்ளைக்கழிச்சலை மறக்காதீர்கள்

கிராமத்துக் கோழிகளைக் கூண்டோடு அழிப்பது ராணிக்கெட் என்ற வெள்ளைக்கழிச்சல். இது வைரஸ் நோய்; வந்தபின் மருந்து கிடையாது. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு; எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. ஒரு குப்பி மருந்து உங்கள் பத்துக் குஞ்சுக்கு ரொம்ப அதிகம். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால் தெருவில் கோழி வளர்க்கும் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் கோழிக்கு நோய் வராவிட்டால்தான் உங்கள் கோழி பிழைக்கும்.

சேவலை மாற்றுங்கள்

எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஆனால் ஒரே தாயின் குஞ்சுகளையே அண்ணன் தங்கையாகச் சேரவிட்டால், சில தலைமுறையில் முட்டை குறையும், பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும். வருஷத்துக்கு ஒரு முறை பக்கத்து ஊர்க்காரரோடு சேவலை மாற்றிக்கொள்ளுங்கள். காசு செலவில்லாமல் வம்சம் தேறும்.

பிள்ளைகள் விஷயத்தில் ஜாக்கிரதை

நன்றாக இருக்கும் குஞ்சின் உடம்பிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குஞ்சைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் குஞ்சுக்கு முத்தம் கொடுக்க விடாதீர்கள். கூண்டு சமையலறையில் வேண்டவே வேண்டாம். காரணமில்லாமல் ஒரேயடியாகப் பல கோழிகள் செத்தால் சமைக்காமல், தூக்கியெறியாமல், கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். மகாராஷ்டிராவின் நவாப்பூரில் 2006-ல் பறவைக்காய்ச்சல் இந்தியாவுக்குள் முதன்முதலாகத் தெரிந்ததும் கோழிகள் கூட்டமாகச் செத்ததால்தான். மருந்துக்கடையில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கித் தண்ணீரில் கலக்காதீர்கள். கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான பிராணிகளுக்குக் கொடுக்க 2019-லேயே தடை வந்துவிட்டது. மனிதர் உயிர் காக்கும் கடைசி மருந்துகளில் அதுவும் ஒன்று என்பதுதான் காரணம்.

முதலில் நாலு பெட்டை, ஒரு சேவல். அது போதும். தாயைப் பார்த்து எடுத்த நாலு, தாய் தெரியாத நாற்பதைவிட மேல்.

என்ன, பஞ்சாரத்தைத் தூசி தட்டி வெயிலில் காயப் போட்டாயிற்றா?