நம்ம ஊர்ல குடமிளகாய் வருமா? மாமா கேட்ட கேள்விக்கு ஒரு கணக்கு

எங்க ஊர் ராஜபாளையம். மாமாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையடிவாரத்துல தென்னந்தோப்பு. போன பொங்கலுக்கு அங்க போனப்ப மொபைலை நீட்டி ஒரு வீடியோ காட்டினார். பாலிஹவுஸ், வரிசையா வெள்ளைப் பைகள், ஆள் உயரச் செடிகள், சிவப்பும் மஞ்சளுமா குடமிளகாய்.

"மாப்ள, நீ இன்ஜினியர்தானே? 25 சென்ட்ல இருக்கிற மரத்தை எடுத்துட்டு இதைப் போடலாமானு பார்க்கிறேன். பாதி மானியம் வருமாம். மீதிக்கு அத்தை நகையை வைக்கணும். கணக்குப் போட்டுச் சொல்லு."

காலேஜ் சேர்ந்ததுல இருந்து வீட்ல என்கிட்ட கேட்ட முதல் உருப்படியான கேள்வி இது. அதனால சீரியஸாவே எடுத்துக்கிட்டேன். படிச்சதையும், மொட்டை மாடியில செஞ்சு பார்த்ததையும் இங்க எழுதுறேன். தோப்பு, தோட்டம் வச்சிருக்கிற வீட்ல இருந்து வர்ற யாருக்காவது உதவும்.

பையில மண் கிடையாது

தேங்காய் மட்டையில இருந்து நார் பிரிக்கும்போது உதிருற தூள்தான் கோகோ பீட். நம்ம பக்கம் நார் மில் வாசல்ல மலை மாதிரி குவிஞ்சு கிடக்குமே, அதேதான். தன் எடையைப் போல 8 மடங்கு வரை தண்ணி பிடிக்கும். அப்பவும் வேருக்குக் காத்து போக இடம் இருக்கும். சீக்கிரம் மக்காது. மண்ணுல வர்ற வாடல் நோய், நூற்புழு தொல்லையும் குறையும்.

ஆனா அதுல செடிக்கான சாப்பாடு கிட்டத்தட்ட இல்லை. நைட்ரஜன்ல இருந்து போரான் வரைக்கும் எல்லாத்தையும் தண்ணியில கரைச்சு சொட்டுநீர்க் குழாய் வழியா நாமதான் கொடுக்கணும். இதுக்கு ரெண்டு தொட்டி வேணும். கால்சியம் நைட்ரேட் ஒரு தொட்டியில, சல்பேட்டும் பாஸ்பேட்டும் இன்னொண்ணுல. அடர் கரைசலா ஒண்ணா கலந்தா கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், அடியில படிஞ்சிடும். டிரிப்பர் அடைச்சுக்கும், செடிக்கும் ஒண்ணும் போகாது.

கரைசலோட pH 5.5-ல இருந்து 6.5-க்குள்ள இருக்கணும். உப்பு அளவைக் காட்டுற இ.சி. செடியோட வயசைப் பொறுத்து 1.5-ல இருந்து 2.5 வரை. ஊத்துற தண்ணியில கால் பங்கு பைக்கு அடியில வடிஞ்சு வெளிய வரணும். அந்த வடிகால் தண்ணியோட இ.சி.-யையும் தினம் பார்க்கணும். அது ஏறிக்கிட்டே போனா பைக்குள்ள உப்பு சேருதுனு அர்த்தம்.

மொட்டை மாடியில நான் வாங்கின அடி

பிப்ரவரியில 12 பை வச்சேன். கோகோ பீட் கட்டியை வாங்கி, தண்ணியில ஊற வச்சு, நேரா நாத்து நட்டுட்டேன். பத்தே நாள்ல இலை ஓரம் கருகிடுச்சு. பையில இருந்து வடிஞ்ச தண்ணியை அளந்தா இ.சி. 3-க்கு மேல!

காரணம் கெமிஸ்ட்ரி லேப்ல படிச்ச அயனிப் பரிமாற்றம்தான். மட்டைத்தூள் தன் மேல சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிடிச்சு வச்சிருக்கும். நாம கால்சியம் கொடுத்தா அதைப் பிடிச்சுக்கிட்டு சோடியத்தை வெளிய விடும். செடிக்குக் கால்சியம் போகாது, உப்பு மட்டும் ஏறும். காய்ச்சாலும் காயோட நுனி கருப்பா அழுகிடும். அதனால நடுறதுக்கு முன்னாடி நல்ல தண்ணியில பல தடவை அலசி இ.சி.-யை 0.5 பக்கம் இறக்கணும். அப்புறம் கால்சியம் நைட்ரேட் கரைசல்ல ஒரு ராத்திரி ஊற வச்சு, மறுபடி அலசணும். ரெண்டாவது தடவை இப்படிச் செஞ்சேன், செடி நின்னுச்சு.

கரண்ட் போனா?

வெயில் நாள்ல வளர்ந்த குடமிளகாய்ச் செடி 2 லிட்டர் தண்ணி குடிக்கும்னு வச்சுக்குவோம். செடிக்கு 10 லிட்டர் கோகோ பீட் கொடுத்தா, அதுல சுலபமா உறிஞ்சக்கூடிய தண்ணி 2, 3 லிட்டர்தான். அதுவும் இ.சி. ஏறாம இருக்க நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே இருக்கணும். தென்னை ஒரு வாரம் தண்ணி இல்லைன்னாலும் வேரை ஆழமா விட்டுத் தேடிக்கும். பையில இருக்கிற செடிக்குத் தேட இடம் இல்லை. 25 சென்ட், அதாவது 1000 சதுர மீட்டர்ல சுமார் 3000 செடி. மோட்டார் ஒரு நாள் நின்னா 3000 செடியும் வாடும். அதனால கரைசல் தொட்டியை உயரத்துல வச்சு, கரண்ட் இல்லாமலும் இறங்குற மாதிரி பண்ணியே ஆகணும்.

பெரிய கேள்வி: ராத்திரி

மாமா இன்னொண்ணும் கேட்டார். "நம்ம மாவட்டமே மிளகாய் வத்தலுக்குப் பேர் போனது. குடமிளகாய் மட்டும் வராதா?"

நியாயமான கேள்வி. சம்பா மிளகாயும் குடமிளகாயும் ஒரே இனம், கேப்சிகம் ஆனம். ஆனா குணம் வேற. குடமிளகாய்க்குப் பகல்ல 21-ல இருந்து 28 டிகிரி, ராத்திரி 16-ல இருந்து 20 டிகிரி இருந்தா சுகம். பகல் 32-ஐத் தாண்டி ராத்திரியும் 24-க்கு மேல நின்னா மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். செடி பச்சைப் பசேல்னு நிக்கும், காய் இருக்காது.

தமிழ்நாட்டுல இந்தப் பயிர் பாலிஹவுஸ்ல நல்லா வர்றது ஓசூர் பக்கம். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல கிட்டத்தட்ட 900 மீட்டர். ராஜபாளையம் 200 மீட்டர்கூட இல்லை. பாலித்தீன் கூரை வெயிலை உள்ள விடும், சூட்டை லேசுல வெளிய விடாது. ஓசூர்ல அதைச் சமாளிக்கலாம், நமக்கு அது எக்ஸ்ட்ரா சூடு.

பேடும் ஃபேனும் வச்சுக் குளிர வைக்கலாமே? மண்பானை தத்துவம்தான். தண்ணி ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கும். ஆனா எவ்வளவு தெளிச்சாலும் வெட் பல்ப் வெப்பநிலைக்குக் கீழ இறங்காது. பகல்ல 36 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம்னா வெட் பல்ப் சுமார் 25. நல்ல பேட் இருந்தா 28 வரை கொண்டு வரலாம். நம்ம ஊர் வறண்ட காத்து இங்க நமக்கு லாபம்தான். ஆனா ராத்திரி 27 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம்னா வெட் பல்ப்பே 23.5. எந்த ஃபேனும் அதை 18 ஆக்காது.

இது வெறும் தியரியா இருக்கக் கூடாதுன்னு ஒரு ஈ.எஸ்.பி.32 போர்டும் டி.ஹெச்.டி.22 சென்சாரும் வச்சு ஏப்ரல், மே ரெண்டு மாசம் தோப்புல அளந்தேன். பெரும்பாலான ராத்திரி 25-க்குக் கீழ இறங்கவே இல்லை.

மாமாவுக்கு நான் சொன்னது

வருஷம் பூரா அறுவடைனு வீடியோவுல சொன்னது ஓசூர்க் கணக்கு, நம்ம தோப்புக் கணக்கு இல்லை. அதை நம்பி நகையை வைக்க வேண்டாம், மரத்தை வெட்ட வேண்டாம்.

ஆனா முழுசா முடியாதுன்னும் சொல்லலை. ஆவணி கடைசியில விதை போட்டு, புரட்டாசி கடைசியில நட்டா, கார்த்திகை முதல் தை வரை இருக்கிற குளிர்ல பூக்கும், காய்க்கும். பங்குனிக்குள்ள முடிச்சிடணும். பாலிஹவுஸ் வேண்டாம். மழைக்கு மேல பாலித்தீன், சுத்தி இலைப்பேன் நுழையாத வலை போதும். முதல்ல போர் தண்ணியோட இ.சி. பார்க்கணும். அதுவே 1-ஐத் தாண்டினா உரம் கரைக்க இடமே இருக்காது. முடிஞ்சா திண்டுக்கல் ரெட்டியார்சத்திரத்துல இருக்கிற இந்தோ இஸ்ரேல் காய்கறி மகத்துவ மையத்தை நேர்ல ஒரு தடவை பார்த்துட்டு வரணும்.

மாமா கொஞ்ச நேரம் பேசலை. அத்தைதான், "பையன் சொல்றதும் சரிதானேங்க"ன்னாங்க. கடைசியில, மோட்டார் ரூம் பக்கத்துல காலியா கிடக்கிற இடத்துல 100 பை மட்டும் வச்சுப் பார்க்கிறதுன்னு முடிவாச்சு. விதை போட்டாச்சு, நாத்து இப்ப நாலு இலை விட்டிருக்கு. தென்னை அப்படியே நிக்குது.

காய்ச்சதா இல்லையான்னு தை மாசம் எழுதுறேன். உங்க வீட்டுத் தோப்புலயும் அளந்து பார்க்கணும்னா சென்சாரும் இ.சி. மீட்டரும் என்கிட்ட இருக்கு, வாங்கிட்டுப் போங்க.